மருத்துவர் நம்மிடம் பேசுகிறாரா, நம்முடன் வந்தவரிடமா? பார்வையற்றோரும் மருத்துவச் சேவையும்

வெண்கோல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேறொரு இழையில் ஒருவர், "மருத்துவமனைகளில் இப்போது சாய்தளம், லிஃப்ட் எல்லாம் வந்துவிட்டதே, மாற்றுத்திறனாளிகளுக்கு இன்னும் என்ன குறை?" என்று கேட்டிருந்தார். நல்ல எண்ணத்தில் கேட்ட கேள்விதான். அங்கே பதில் எழுதத் தொடங்கி நீண்டுவிட்டதால் தனி இழையாகப் போடுகிறேன்.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். லிஃப்ட் ஏறி மருத்துவர் அறை வரை போவது எனக்குப் பெரிய பாடு இல்லை. அதற்கு முன்னும் பின்னும்தான் பாடு. வரிசை எண் திரையில் மட்டும் மாறும், யாரும் கூப்பிட மாட்டார்கள். பதிவுக்கென்று தொடுதிரை இயந்திரம் வைத்திருப்பார்கள். வழவழவென்ற கண்ணாடி, கைக்கு ஒரு பொத்தானும் அகப்படாது, குரலும் கிடையாது. படிவம் நிரப்ப ஒருவர் உதவிக்கு வருவார், ஆனால் கூடம் முழுக்கக் கேட்கும் குரலில் கடைசி மாதவிடாய் தேதியைக் கேட்பார். உள்ளே போனால் மருத்துவர் என்னுடன் வந்தவரைப் பார்த்து, "இவங்களுக்கு எத்தனை நாளா வலி?" என்பார். வலி எனக்கு. பதில் சொல்ல வாயும் எனக்கு இருக்கிறது. கடைசியில் ஒரு பை நிறைய மாத்திரை கைக்கு வரும். எல்லா அட்டையும் தொட்டால் ஒரே மாதிரி.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் நிறைவேறி 2008இல் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் சிகிச்சை, அதுவும் நோயாளி விவரம் தெரிந்து தானாகக் கொடுக்கும் ஒப்புதலோடு என்று அதன் 25ஆம் பிரிவு சொல்கிறது. உடல்நலத் தகவலின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. படிவத்தை எனக்குப் படித்துக் காட்டாமல், "இந்த இடத்தில் கைநாட்டு வைங்க" என்று விரலைப் பிடித்து வைப்பதை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது?

உங்களுக்கு எது பெரிய தடையாக இருக்கிறது, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மருத்துவத் துறையில் இருப்பவர்களும் கட்டாயம் எழுத வேண்டும். உங்கள் பக்கத்துச் சிரமம் தெரியாமல் நாங்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் எதுவும் நகராது.

---

அரைவெளிச்சம் எழுதியது:

தொடங்கியதற்கு நன்றி, வெண்கோல். என்னைப் போல் நடுவில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மாக்குலா பாதிப்பு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதியில் பாதிப்பு. நேராகப் பார்க்கும் இடம் மங்கல், ஓரப் பார்வை இருக்கிறது. அதனால் தடியில்லாமல் நடப்பேன், நாற்காலியைக் கண்டுபிடித்து உட்காருவேன். எதிரில் இருப்பவர் முகமும் கையிலிருக்கும் தாளும் மட்டும் தெரியாது.

நடக்கிறானே, பார்வை இருக்கும்தானே என்று நினைத்துவிடுகிறார்கள். "அங்கே போர்டில் போட்டிருக்கு, பாருங்க" என்று கை நீட்டுவார்கள். தெரியவில்லை என்று சொன்னால் கண்ணாடி போட்டு வரச் சொல்வார்கள். எங்கள் பிரச்சினை கண்ணாடியால் தீர்வதில்லை.

எங்களுக்கு வேண்டியது அதிகச் செலவு இல்லாதது. பெரிய எழுத்து, நல்ல கறுப்பு, பளபளக்காத தாள். மருந்துப் புட்டிகளின் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான வசதித் தரங்களை வகுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஆக்சஸ் போர்டு அமைத்த குழு 2013இல் வெளியிட்ட பரிந்துரையில் 18 பாயிண்ட் தடித்த எழுத்து என்று இருக்கிறது. அதைப் படித்தபோது மனசுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. இப்போது வருகிற மாத்திரை அட்டைகளில் வெள்ளிப் படலத்தின் மேல் சாம்பல் நிறத்தில் பெயரை அச்சடிக்கிறார்கள். காலாவதி தேதிக்கு மையே கிடையாது, வெறுமனே அழுத்திவிடுகிறார்கள். நல்ல பார்வை உள்ளவர்களே அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித்தான் படிக்கிறார்கள்.

---

பொன்வண்டு எழுதியது:

மனசில் பட்டதைக் கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தம்பிக்குப் பார்வை இல்லை. அவனை நான்தான் எப்போதும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன். மருந்தைப் பிரித்து டப்பாவில் போட்டு வைப்பதும் நான்தான். இதுவரை ஒரு வேளை மருந்துகூட மாறியதில்லை. பார்வை உள்ளவர்களே துணையோடுதானே போகிறார்கள்? எல்லா இடத்திலும் பிரெயில், பேசும் இயந்திரம் என்று கேட்பதைவிட, துணைக்கு வருபவருக்கு நல்ல பயிற்சி கொடுப்பது சுலபம் இல்லையா?

---

வெண்கோல் எழுதியது:

பொன்வண்டு அண்ணா, கேட்டது நல்லதுதான். உங்கள் தம்பிக்கு நீங்கள் செய்வதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காய்ச்சலில் கிடக்கும்போது துணை வேண்டும், எனக்கும் வேண்டும். ஆனால் துணையை நான் தேர்ந்தெடுப்பதும், துணை இல்லாவிட்டால் சிகிச்சையே நடக்காது என்ற நிலையும் வேறு வேறு.

ஒரு பெண் கர்ப்பமா என்று வீட்டிலேயே பார்க்க விரும்புகிறாள். அந்தப் பரிசோதனைக் குச்சியில் கோடு விழுவதைக் கண்ணால்தான் பார்க்க முடியும். கண் தெரியாதவள் அந்தச் செய்தியை வேறொருவர் வாயால்தான் கேட்க வேண்டும். அவளுக்கு முன்பே இன்னொருவருக்குத் தெரிந்துவிடுகிறது. பிரிட்டனில் பார்வையற்றோருக்காக இயங்கும் ஆர்.என்.ஐ.பி. அமைப்பு 2020இல், கோட்டுக்குப் பதிலாகத் தொட்டு உணரும் புடைப்புகள் எழும் பரிசோதனைக் கருவியின் மாதிரி ஒன்றைச் செய்து காட்டியது. விற்பனைக்காகச் செய்தது இல்லை, இப்படியும் வடிவமைக்க முடியும் என்று காட்டத்தான். கொரோனா காலத்து வீட்டுப் பரிசோதனையும் இதே கதைதான்: துளிகளைக் கண்ணால் எண்ண வேண்டும், கோட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் தள்ளி நிற்கும் நேரத்தில், படித்துச் சொல்ல ஓர் ஆளைப் பக்கத்தில் கூப்பிட வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண்ணின் படிவத்தைப் படித்துக் காட்டுகிறவன் அடிக்கிறவனாகவே இருந்தால்? மனநலத்துக்கு மருந்து எடுப்பது வீட்டில் தெரிய வேண்டாம் என்று ஒருவர் நினைத்தால்? உங்கள் தம்பி உங்களிடம் சொல்லக் கூச்சப்படும் ஒரு உடல் பிரச்சினை அவருக்கு வந்தால்? அவர் உங்களை நம்பவில்லை என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தனியாகக் கேட்க ஒரு கேள்வி இருக்கும், அதை மருத்துவரிடம் தனியாகக் கேட்க வழி இருக்க வேண்டும்.

---

பொன்வண்டு எழுதியது:

கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். தம்பியிடம் பேசுகிறேன்.

---

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். நான் வார்டில் வேலை செய்யும் நர்ஸ். எங்கள் பக்கத்தைக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

படிப்பில் இதற்கென்று எங்களுக்குக் கிடைத்த பயிற்சி மிகக் கொஞ்சம். நோயாளிகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். போகும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் அவர் காலி இடத்தோடு பேசிக்கொண்டிருப்பார். தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். கண் தெரியாத ஒருவரின் கையைச் சட்டென்று பிடித்து ஊசி குத்தினால் அவர் உடம்பு தூக்கிவாரிப் போடாதா? நடக்க வைக்கும்போது நான் அவரைப் பிடித்து இழுக்கக் கூடாது, என் முழங்கைக்கு மேல் அவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் எங்கே என்பதற்கு "அங்கே" என்பது பதில் ஆகாது. "உங்கள் வலது பக்கம், மூன்று மணித் திசையில், ஒரு கை தூரம்" என்றால் அவரே எடுத்துக்கொள்வார். தடியை எடுத்து மூலையில் வைத்துவிடுவது பெரிய தொந்தரவு. எங்கே வைத்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

எங்கள் சிரமம் ஷிஃப்ட் மாறுவது. காலையில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது, மாலையில் வருபவருக்குத் தெரியாது. நோயாளி ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 2016 முதல் தேசிய சுகாதாரச் சேவையில் இதற்கென்று ஒரு கட்டாய விதி இருக்கிறது. தகவல் எந்த வடிவில் வேண்டும் என்று நோயாளியிடம் கேட்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், கோப்பைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி குறிக்க வேண்டும், அவர் அடுத்துப் போகிற துறைக்கும் தெரிவிக்க வேண்டும், கடைசியாக அதன்படி நடக்க வேண்டும். படிக்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு முறை கேட்டது அடுத்த ஆளுக்குப் போய்ச் சேர்ந்தால் வார்டில் பாதிச் சங்கடம் தீரும் என்று அனுபவத்தில் சொல்கிறேன். எல்லா நாட்டிலும் விதி வரக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு வார்டு நினைத்தால் நாளைக்கே தொடங்கலாம்.

---

மருந்தாளர் எழுதியது:

மாத்திரை அட்டை பற்றி அரைவெளிச்சம் எழுதியது முழுக்க உண்மை. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் எங்களுக்கும் அது தொல்லைதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்தின் பெயரை வெளிப்பெட்டியில் பிரெயிலில் போட வேண்டும் என்பது சட்டம். 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் மருந்துக் குறிப்புத்தாளும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. மருந்துப் பெட்டிப் பிரெயிலுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 17351 என்று 2013இல் ஒரு சர்வதேசத் தரநிலையும் வந்தது.

இதில் உள்ள குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பிரெயிலில் ஓர் எழுத்துக்கு சுமார் 6 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். பத்து சென்டிமீட்டர் பெட்டியில் ஒரு வரிக்குப் பதினாறு எழுத்துகள்தான். பெயரும் வீரியமும் வந்தாலே இடம் முடிந்துவிடும், காலாவதி தேதி ஏறாது. பிரெயில் இருப்பதும் வெளிப்பெட்டியில்தான். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டால் உள்ளே இருக்கிற அட்டையில் ஒன்றும் இல்லை. அதைவிட வருத்தமானது, மருந்துக்கடைக்காரர் "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று ஒட்டுகிற சீட்டு சரியாக அந்தப் பிரெயில் மேலேயே போய் உட்கார்ந்துவிடுவது. சீட்டைத் தள்ளி ஒட்ட ஒரு நொடிகூட ஆகாது. யாராவது சொல்லியிருந்தால் எல்லோரும் செய்திருப்பார்கள்.

பேசும் சீட்டு முறையும் சில நாடுகளில் இருக்கிறது. ஸ்கிரிப்டாக் என்று ஒன்று உண்டு. புட்டியின் அடியில் சின்ன மின்னணு வில்லை ஒட்டியிருக்கும், கருவியின் மேல் வைத்தால் மருந்தின் பெயர், அளவு, எச்சரிக்கை எல்லாம் படிக்கும். இப்படி ஒன்று எல்லா இடத்துக்கும் வந்தால் எனக்கே நிம்மதி.

அது வரும் வரை, ஒரு கடையில் செய்யக்கூடியது: கேட்டால் ஒவ்வொரு மருந்தையும் தனிப் பையில் போட்டுக் கொடுப்பது, பையின் மூலையில் வெட்டுப் போட்டு அடையாளம் வைப்பது, கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளும்படி நிதானமாகச் சொல்வது. அப்புறம், அடுத்த மாதம் வேறு கம்பெனி மருந்து கொடுக்கும்போது "மாத்திரையின் வடிவம் மாறியிருக்கிறது, மருந்து அதேதான்" என்று மறக்காமல் சொல்வது. தொட்டுப் பார்த்து அடையாளம் வைத்திருப்பவருக்கு வடிவம் மாறினால் மருந்தே மாறிவிட்ட மாதிரிதான். பயத்தில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

---

திரைவாசகன் எழுதியது:

மருந்தாளர் சார், வடிவம் மாறுவதைப் பற்றி எழுதியதற்குத் தனியாக ஒரு நன்றி. இதை எங்களைத் தவிர யாரும் பேசிக் கேட்டதில்லை.

நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், பார்வை இல்லை, திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் வைத்து வேலை செய்கிறேன். பிரெயில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயதான பிறகு பார்வை இழந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிரெயில் தெரியாது. சர்க்கரை நோயால் விரல் நுனி மரத்துப்போனவருக்குத் தெரிந்தாலும் படிக்க முடியாது. அதனால் பிரெயில், பெரிய எழுத்து, குரல், கைப்பேசியில் வரும் எழுத்து என்று எல்லாமே வேண்டும். எது தனக்குச் சரி என்று நோயாளி சொல்லட்டும்.

கைப்பேசி வந்த பிறகு எங்கள் வாழ்க்கை மாறியது உண்மை. 2015இல் பீ மை ஐஸ் என்ற செயலி வந்தது. வீடியோவில் யாரோ ஒரு தன்னார்வலர் படித்துச் சொல்வார். 2017இல் கேமராவில் பார்ப்பதைப் படித்துச் சொல்லும் மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ செயலி வந்தது. இப்போது படத்தைக் காட்டினால் செயற்கை நுண்ணறிவே விவரம் சொல்கிறது. தினசரி வேலைக்கு நானும் பயன்படுத்துகிறேன்.

ஆனால் மருந்து என்று வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். புள்ளி மங்கலாக இருந்தால் 0.5 என்பதை 5 என்று படிக்க வாய்ப்பு இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு தெரியாததையும் தெரிந்த மாதிரி உறுதியான குரலில் சொல்லும். வளைந்த புட்டியில் பாதிப் பெயர்தான் கேமராவுக்குத் தெரியும், மீதியை அது ஊகித்து நிரப்பிவிடலாம். அளவு, காலாவதி தேதி, பெயர் ஒத்த மருந்துகள் – இந்த மூன்றுக்கும் ஒரு மனிதரிடம் உறுதி செய்துகொள்ளாமல் நான் போவதில்லை. சட்டைக்கு என்ன நிறம் என்று கேட்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது.

ரிப்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். பரிசோதனைக் கூடங்கள் பி.டி.எஃப். அனுப்புகின்றன. சில கோப்புகளில் எழுத்தே இருக்காது, தாளை ஸ்கேன் செய்த படம் மட்டும்தான். திரைவாசிப்பான் அமைதியாகிவிடும். எழுத்து இருந்தாலும் அட்டவணையை ஒழுங்காக அமைக்காவிட்டால், முதலில் எல்லாப் பரிசோதனைகளின் பெயரும் வரிசையாக வரும், அப்புறம் எல்லா எண்களும், அப்புறம் எல்லா அளவு வரம்புகளும். எந்த எண் எதற்கு? ஹீமோகுளோபினா, கிரியாட்டினினா? இதைச் சரிசெய்வது மென்பொருளாளருக்கு ஒரு முறை செய்கிற வேலை. வார்ப்புருவைத் திருத்தினால் அதற்குப் பின் போகிற எல்லா ரிப்போர்ட்டும் சரியாகப் போகும். நேரம் பதிவு செய்யும் செயலிகளில் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் கேட்பதும் இதே கவனக்குறைவுதான். பொத்தானுக்குப் பெயர் கொடுப்பது ஒரு வரி. அமெரிக்காவில் அரசு நிதி பெறும் சுகாதார நிறுவனங்களின் இணையதளமும் செயலியும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 தரத்துக்கு வர வேண்டும் என்று 2024இல் விதி போட்டார்கள். எப்படிச் செய்வது என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

---

இன்சுலின்காரன் எழுதியது:

எனக்குச் சர்க்கரை நோயால் பார்வை போனது. வேலைக்குப் போகும் வயதில் பார்வை இழப்பவர்களுக்கு விழித்திரையில் சர்க்கரை செய்யும் பாதிப்பு முக்கியக் காரணங்களில் ஒன்று. அப்படியிருக்கும்போது சர்க்கரை அளவு பார்க்கும் குளுக்கோமீட்டரும், பேனா வடிவ ஊசியான இன்சுலின் பேனாவும் செய்கிறவர்கள் எங்களைத்தானே முதலில் மனதில் வைத்திருக்க வேண்டும்?

பல பேனாக்களின் கையேட்டில், பார்வை இல்லாதவர்கள் பயிற்சி பெற்ற ஒருவரின் துணையில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். பேனாவைத் திருப்பும்போது கேட்கும் க்ளிக் சத்தத்தை எண்ணி அளவு வைக்காதீர்கள் என்றும் சிலவற்றில் இருக்கிறது. நிறுவனங்கள் அப்படி எழுதக் காரணம் புரிகிறது. ஆனால் ஒரு நாளைக்குப் பல வேளை ஊசி போடுகிறவன் ஒவ்வொரு வேளைக்கும் ஓர் ஆளைத் தேட முடியுமா? அதனால் எங்களில் பலர் க்ளிக்கைத்தான் எண்ணுகிறோம். அளவைச் சொல்லும் பேனாவைச் செய்து கொடுத்துவிட்டு எண்ணாதே என்று சொன்னால் நியாயம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் முதலில் என் மனைவிக்குத்தான் பாடம் நடத்தினார். "எனக்கு நடத்துங்கள், என் கையைப் பிடித்து நடத்துங்கள்" என்று கேட்ட பிறகு மிக நன்றாகக் கற்றுக்கொடுத்தார். அவர் சொன்னதையும் மற்றப் பார்வையற்ற நண்பர்களிடம் கேட்டதையும் எழுதுகிறேன். உங்கள் பேனாவுக்கு இது பொருந்துமா என்று உங்கள் நர்ஸிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வானொலி, டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பேனாவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்புவேன். என் பேனாவில் ஒரு க்ளிக் ஒரு யூனிட். அரை யூனிட் பேனாவும் சந்தையில் இருக்கிறது, அதனால் புதிய பேனா வாங்கினால் முதலில் கேட்பது அதைத்தான். எண்ணிக்கையில் துளி சந்தேகம் வந்தாலும் பூஜ்யத்துக்குத் திருப்பி முதலிலிருந்து. நீண்ட நேரம் வேலை செய்யும் பேனாவில் ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கும், சட்டென்று வேலை செய்யும் பேனா வெறுமனே இருக்கும், இரண்டும் வீட்டில் வேறு வேறு இடத்தில். ஊசி போடும் முன் காற்றை வெளியேற்ற இரண்டு யூனிட் தள்ளும்போது, ஊசி நுனிக்கு எதிரே சற்றுத் தள்ளிப் புறங்கையை வைத்தால் ஈரம் படுவது தெரியும். இன்சுலினுக்கு மருந்து நெடி ஒன்று உண்டு, மோந்தாலும் வெளியே வந்தது தெரிந்துவிடும். மீதம் எவ்வளவு என்பதற்கு, உள்ளே இருப்பதைவிட அதிகமாகத் திருப்ப விடாத பேனாவாக வாங்கினேன்.

பேசும் குளுக்கோமீட்டர் கிடைக்கிறது. ஆனால் வாங்கும் முன் கேளுங்கள்: அளவை மட்டும் பேசுமா, பிழை வந்தாலும் பேசுமா? பழைய அளவுகளையும் படிக்குமா? சிலவற்றில் அளவு மட்டும் குரலில் வரும், "இரத்தம் போதவில்லை" என்பது திரையில் மட்டும் வரும். தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வந்த பிறகு பலருக்குப் பெரிய விடுதலை. கைப்பேசியின் திரைவாசிப்பான் அளவைப் படிக்கும், சர்க்கரை தாழ்ந்தால் அலாரம் அடிக்கும், விரலைக் குத்தித் துளியைத் தேட வேண்டாம். ஆனால் செயலியின் ஒரு புதிய பதிப்பில் பொத்தான் பெயர்கள் காணாமல் போனால் ஒரே இரவில் அந்த வசதி போய்விடும். தொடுதிரை மட்டும் உள்ள இன்சுலின் பம்ப் என்றால் எங்களுக்குக் கதவு மூடியதுதான்.

---

தாழ்வாரம் எழுதியது:

இந்த இழையில் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் யாருக்காவது உதவும்.

என் அம்மாவுக்கு வயதான பின் பார்வை குறைந்தது. ஒரு கட்டத்தில், அறையில் சின்னச் சின்ன ஆட்கள் நிற்கிறார்கள், சுவரில் பூ வேலைப்பாடு ஓடுகிறது என்றார். பேச்சு, நினைவு எல்லாம் தெளிவாக இருந்தது. அவர்கள் நிஜமில்லை என்பதும் அவருக்கே தெரியும். நாங்கள் போன இடத்தில் மறதி நோயின் ஆரம்பம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு கண் மருத்துவர்தான் இதற்கு சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று பெயர் சொன்னார். 1760இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். போனே என்ற அறிஞர் தன் தாத்தாவுக்கு வந்ததைத்தான் எழுதினார். கண்ணிலிருந்து செய்தி வருவது குறையும்போது மூளை தானே காட்சிகளை உண்டாக்கிக்கொள்கிறது. இது மனநோயும் இல்லை, மறதி நோயும் இல்லை.

அம்மா அதுவரை பல மாதங்கள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். பார்வை குறைந்த ஒவ்வொருவரிடமும் "இப்படி ஏதாவது தெரிகிறதா, சிலருக்குத் தெரியும், பயப்பட வேண்டாம்" என்று மருத்துவர்களே முந்திக்கொண்டு கேட்டால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்!

---

அரைவெளிச்சம் எழுதியது:

தாழ்வாரம் அக்கா, எனக்கும் வருகிறது. கம்பி வலை மாதிரி வடிவங்கள். பெயர் உண்டு என்று இன்றைக்குத்தான் தெரியும். அடுத்த முறை மருத்துவரிடம் சொல்கிறேன். நன்றி அக்கா.

---

நெறியாளர் எழுதியது:

பயனுள்ள இழை. ஒரு வேண்டுகோள்: மருந்தின் அளவு, ஊசி போடும் முறை பற்றி இங்கே படித்ததை உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்ற வேண்டாம். பார்வை குறைவாக இருப்பவர்களுக்குப் புதிதாகக் காட்சிகள் தெரிந்தாலும் முதலில் பரிசோதனைக்குப் போங்கள், வேறு காரணங்களும் இருக்கலாம்.

---

வெண்கோல் எழுதியது:

நெறியாளர் சொன்னது சரி.

இரவுப்பணி அக்காவிடம் ஒரு கேள்வி. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, "காயம் சிவந்தால் வாருங்கள், சிறுநீர் நிறம் மாறினால் வாருங்கள்" என்கிறார்கள். தனியாக வாழ்கிற எனக்குச் சிவப்பு எப்படித் தெரியும்?

---

இரவுப்பணி எழுதியது:

சிவப்பை மட்டும் சொல்லி அனுப்புவது போதாதுதான், தங்கை. காயத்தில் கிருமி சேர்ந்தால் நிறம் மட்டும் மாறுவதில்லை. சுற்றிலும் சூடு ஏறும், வீங்கும், வலி குறையாமல் கூடிக்கொண்டே போகும், கட்டு ஈரமாகும், வாடை வரும், காய்ச்சல் வரலாம். கையைக் கழுவிவிட்டு, காயத்தைத் தொடாமல் அதற்குப் பக்கத்துத் தோலில் புறங்கையை வைத்து, உடம்பின் அதே இடத்து மறுபக்கத்தோடு சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். பேசும் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சிறுநீரில் எரிச்சல், அடிக்கடி போவது, வாடை, இவை உங்களுக்கே தெரியும். இரத்தம் கலந்திருப்பது மட்டும் தொட்டோ மோந்தோ நிச்சயமாகத் தெரியாது. அந்த ஆபத்து உள்ள சிகிச்சை என்றால், வீட்டுக்குப் போகும் முன்பே "இதை நான் எப்படித் தெரிந்துகொள்வது, யாரை வீடியோவில் கூப்பிடலாம், என்ன நேரத்தில்?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் எங்களுக்கும் எழுதி வைக்கத் தோன்றும்.

---

திரைவாசகன் எழுதியது:

ஒரு யோசனை. பதிவு மேசையில் கொடுக்க ஒரு குறிப்பு தயார் செய்வோமா? ஒவ்வொரு முறையும் வாயால் விளக்குவது அலுப்பாக இருக்கிறது, உடம்பு சரியில்லாத நேரத்தில் அதற்குத் தெம்பும் இருக்காது.

---

வெண்கோல் எழுதியது:

செய்வோம். என் வரைவு இது, திருத்துங்கள்:

"எனக்குப் பார்வை இல்லை. என் முறை வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கேள்விகளை என்னிடமே கேளுங்கள். என்னுடன் வந்தவர் உள்ளே இருக்க வேண்டுமா என்பதை நான் சொல்கிறேன். படிவத்தைத் தனியிடத்தில் எனக்கு முழுவதும் படித்துக் காட்டிய பிறகு கையொப்பமிடுகிறேன். தொடுவதற்கு முன் சொல்லுங்கள். ரிப்போர்ட்டையும் மருந்து விவரத்தையும் படமாக இல்லாமல் எழுத்தாக என் கைப்பேசிக்கு அனுப்புங்கள். இதை என் கோப்பின் முதல் பக்கத்தில் குறித்து, அடுத்த பிரிவுக்கும் தெரிவியுங்கள்."

---

இரவுப்பணி எழுதியது:

"படுக்கையில் சேர்த்தால், அழைப்பு மணி, கழிப்பறை, தண்ணீர் மூன்றையும் என் கையைப் பிடித்துக் காட்டுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். இரவில் மணி எங்கே என்று தெரியாமல்தான் எழுந்து நடந்து விழுகிறார்கள்.

---

இன்சுலின்காரன் எழுதியது:

"கருவி ஏதாவது கொடுத்தால் எனக்கே பயிற்சி கொடுங்கள்" என்பதும் வேண்டும். வீட்டாருக்குக் கூடுதலாகக் கொடுக்கட்டும்.

---

அரைவெளிச்சம் எழுதியது:

முதல் வரியில் "பார்வை இல்லை அல்லது மிகக் குறைவு" என்று இரண்டு வடிவம் வையுங்கள். தடி இல்லாமல் நான் நீட்டினால் "இல்லை" என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். "பெரிய எழுத்தில் தாருங்கள்" என்பதும் என் வடிவத்தில் வரட்டும்.

---

பொன்வண்டு எழுதியது:

தம்பியிடம் இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன். அடுத்த முறை அவன் உள்ளே தனியாகப் போகிறானாம், நான் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். குறிப்பில் அவன் சேர்க்கச் சொன்னது: "துணைக்கு யாரும் வராவிட்டாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்."

---

மருந்தாளர் எழுதியது:

அந்த வரி கண்டிப்பாக வேண்டும். குறிப்பு முடிந்ததும் இங்கே எழுத்துக் கோப்பாகப் போடுங்கள், என்னுடன் வேலை செய்பவர்களுக்கும் கொடுக்கிறேன். பிரெயில் மேல் சீட்டு ஒட்டக் கூடாது என்று இன்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

எனக்கும் ஒரு சந்தேகம். ஒரே அளவில் இரண்டு கண் சொட்டுப் புட்டிகள் கொடுக்கும்போது எப்படி அடையாளம் வைத்தால் உங்களுக்கு வசதி?

---

தாழ்வாரம் எழுதியது:

அம்மாவுக்கு இரண்டு சொட்டு மருந்து. காலையில் மட்டும் போடுகிற புட்டிக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரண்டு வேளையும் போடுகிற புட்டிக்கு இரண்டு. மூடியில் சுற்றாதீர்கள், மூடி மாறிவிடும். புட்டியின் உடம்பில் சுற்றுங்கள்.